எம்பிஏ படிப்பையும் தோற்கடித்த நிறம்
அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஹாரிசன் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் கறுப்பினத்தவரின் படத்தில் தோல் நிறத்தை மட்டும் ஃபோட்டோஷாப்பில் கருமை, நடுத்தரம், வெளிர் என்று மாற்றி, பயோடேட்டாவோடு மாணவர்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். எம்பிஏ முடித்து மேலாளராகவும் இருந்த கருத்த ஆணை விட, வெறும் இளநிலைப் பட்டமும் சாதாரண அனுபவமும் உள்ள வெளிர்நிற ஆணுக்கே முன்னுரிமை!

இருவரும் கறுப்பினத்தவர்தான். அதனால் 'இத்தனை கறுப்பினத்தவரை வேலைக்கு எடுத்தோம்' என்று ஒரு நிறுவனம் காட்டும் கணக்கில் இந்தப் பாகுபாடு தெரியவே தெரியாது. எனக்குக் கோபமே அதில்தான். பாகுபாட்டைத் தடைசெய்யும் அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தில் (Civil Rights Act) இனத்தோடு நிறமும் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அப்புறமும் இனத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி? எடுத்தவர்களுக்குள் யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது என்றும் பாருங்கள்.