காய்ச்சல் வந்த தேதி

2021 ஜூலை. பொள்ளாச்சியில் இரண்டாம் அலை தணிந்து, கர்ப்பிணிகள் பழையபடி செக்கப்புக்கு வரத் தொடங்கியிருந்த நேரம். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தியிடம் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னேன். கூட வந்த மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க டாக்டரம்மா, சித்திரையில கேட்டப்ப வேண்டாம்னீங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள போடுங்கறீங்க. எதைத்தானுங்க நம்பறது?"

நியாயமான கேள்விதான். ஜனவரியில் தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்கு இல்லை என்றார்கள். முதல்கட்ட ஆய்வுகளில் அவர்களைச் சேர்க்கவே இல்லை என்பதால், எங்கள் கையிலும் பதில் இல்லை. அனுமதி வந்தது ஜூலை 2 அன்று. அதற்குள் மே மாதக் கடைசியில் கோவை மாவட்டம் தினசரித் தொற்றில் சென்னையையே முந்திவிட்டிருந்தது. நோய் முற்றி ஐ.சி.யூ. வரை போகும் ஆபத்து கர்ப்பிணிக்குக் கூடுதல். ஊசி மட்டும் கடைசியில். நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

"அப்ப எனக்கே தெரியாதுங்கம்மா. இப்பத்தான் தெரிய வந்திருக்கு," என்றேன்.

"அதை அன்னைக்கே சொல்லிப்போட்டிருக்கலாமுங்க," என்றார். அடுத்த வாரம் மருமகளுக்கு ஊசி போட்டாயிற்று.

அதே ஜூலையில் திருவனந்தபுரம் பக்கம் ஒரு கர்ப்பிணிக்கு, கொசுக்கடியால் பரவும் ஜிகா வைரஸ் தொற்று உறுதியானது. கோபாலபுரம், மீனாட்சிபுரம் எல்லை வழியாகத் தினமும் பாலக்காட்டுப் பக்கம் போய்வரும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஜிகாவுக்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. பலருக்கு அறிகுறியே தெரியாது. தெரிந்தாலும் லேசான காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடக்கூடும்.

2015இல் பிரேசிலில் அட்ரியானா மெலோ என்ற மகப்பேறு மருத்துவர், ஸ்கேனில் குழந்தையின் மூளையில் வழக்கமில்லாத மாற்றங்களைப் பார்த்து, இரண்டு கர்ப்பிணிகளின் பனிக்குட நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் ஜிகா வைரஸ் இருந்தது. எனக்கு அவ்வளவு பெரிய வேலை வாய்க்கவில்லை. நான் செய்ததெல்லாம் விசாரணைதான். வீட்டுக்காரர் எங்கே வேலைக்குப் போகிறார்? தோப்பில் தேங்காய்த் தொட்டிகளைக் கவிழ்த்து வைக்கிறீர்களா? (மழைத் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு தொட்டியும் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ வார்டு.) உடம்பில் தடிப்பு வந்ததா? காய்ச்சல் என்றைக்கு வந்தது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். எத்தனையாவது வாரத்தில் காய்ச்சல் என்று தெரிந்தால்தான், என்ன பரிசோதனை, ஸ்கேன் எப்போது என்று முடிவு செய்ய முடியும். ஆனால் தேதி யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒரு பெண் வெகுநேரம் யோசித்துவிட்டு, "குழுக்கடன் கட்டப் போன அன்னைக்குங்க, அனத்திக்கிட்டேதான் போனேன்," என்றாள். பையிலிருந்து அட்டையை எடுத்தாள். தவணை கட்டிய தேதி இருந்தது. விரல் விட்டு எண்ணினேன். பதினோராவது வாரம்.