இரண்டு ஃபைலும் ஒரே மேசைக்கு வந்தபோது

முப்பதுகளில் இருக்கும் ஒருத்திக்கு ஸ்ட்ரோக் வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா என்றுதான். எனக்கு இரண்டும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. தூங்கி எழும்போதே வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, வாயும் குழறியது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியாததால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குச் சொல்லும் 4.5 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதே சிக்கலாகிவிட்டது. (2018-ல் வெளியான வேக்-அப் ஆய்வுக்குப் பிறகு, தூக்கத்தில் ஸ்ட்ரோக் வந்தவர்களில் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு அந்த ஊசியைப் போடுகிறார்கள். என் ஸ்கேன் அதற்குத் தோதாக இல்லை.) சரி, அது போகட்டும். நான் எழுத வந்தது அதற்கப்புறம் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த கதையை.

இதயத்துக்கு எக்கோ, கழுத்து ரத்தக்குழாய்க்கு ஸ்கேன், எல்லாம் நார்மல். அப்போதுதான் ஒரு இளம் டாக்டர் வந்து உட்கார்ந்து, "மேடம், இதுக்கு முன்னாடி கர்ப்பம் ஏதாவது கலைஞ்சிருக்கா?" என்று கேட்டார். பக்கவாதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என் கணவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் சொன்னேன்: முதல் முறை ரொம்பச் சீக்கிரமே கலைந்தது, அடுத்த முறை பத்து வாரம் தாண்டி, குழந்தையின் வளர்ச்சியில் ஒரு குறையும் இல்லாமல், திடீரென்று துடிப்பு நின்றுபோனது. அப்போது எல்லோரும் "இது சகஜம்தான், அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் தலையாட்டிவிட்டு, "அந்தப் பழைய ஃபைலையும் கொண்டு வாங்க" என்றார். மகப்பேறு பக்கம் ஒரு ஃபைல், நரம்பியல் பக்கம் ஒரு ஃபைல், இரண்டும் என்னுடையவைதான், ஆனால் அன்றுவரை ஒரே மேசையில் இருந்ததில்லை.

அவர் சந்தேகப்பட்டது ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏ.பி.எஸ். 1983-ல் கிரஹாம் ஹியூஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விவரித்த நோய். உடம்பே தனக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி, ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறைகிறது. மூளை ரத்தக்குழாயில் உறைந்தால் ஸ்ட்ரோக். நஞ்சுக்கொடியையும் அதே ஆன்டிபாடிகள் தாக்குகின்றன, கருவும் நிற்பதில்லை. 2006-ல் வகுத்த விதிகளின்படி, பத்து வாரத்துக்குள் என்றால் தொடர்ந்து மூன்று கரு கலைந்திருந்தால்தான் கணக்கில் சேரும். பத்து வாரமோ அதற்கு மேலோ ஆகி, வளர்ச்சி சரியாக இருந்த கரு என்றால் ஒன்றே போதும். "சகஜம்" என்று சொன்ன அந்த இரண்டாவது இழப்பு இந்தக் கணக்கில் வருகிறது என்று படித்தபோது வந்த கோபத்தை இங்கே எழுதி முடியாது.

மூன்று ரத்தப் பரிசோதனைகள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி. எனக்கு மூன்றுமே பாசிட்டிவ். ஆனால் அதோடு முடியவில்லை. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் எடுத்து, அப்போதும் பாசிட்டிவ் என்றால்தான் உறுதி. சாதாரணக் காய்ச்சல், தொற்று வந்தால்கூட இந்த ஆன்டிபாடிகள் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுப் போய்விடுமாம். அம்மாவுக்கு இது புரியவேயில்லை, "இருக்குன்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு இன்னொரு தடவை ஊசி குத்தணும்" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனையைக் குழப்பிவிடும். என் முதல் சாம்பிளை மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது முறை நான் வார்ஃபரின் என்ற அந்த வகை மாத்திரையில் இருந்தேன், லேப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இல்லை, நானே சொல்லி மேலே ஒரு ஓரத்தில் எழுத வைத்தேன். மற்ற இரண்டு பரிசோதனைகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

வார்ஃபரின் என்றாலே அலுப்பு. அடிக்கடி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்து 2-க்கும் 3-க்கும் நடுவில் நிறுத்த வேண்டும், கீரையை ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லாமல் என்று சாப்பிடக் கூடாது. ரத்தப் பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரைகள் இருக்கும்போது எனக்கு ஏன் இந்தப் பழைய மருந்து என்று சண்டைக்கே போனேன். டாக்டர் 2018-ல் வந்த டிராப்ஸ் ஆய்வை எடுத்துக் காட்டினார். மூன்று பரிசோதனையும் பாசிட்டிவான 120 பேரில் ஒரு பாதிக்கு ரிவரோக்சபான் என்ற புது மாத்திரை, மறு பாதிக்கு வார்ஃபரின். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ரிவரோக்சபான் எடுத்த 59 பேரில் 4 பேருக்கு ஸ்ட்ரோக், 3 பேருக்கு மாரடைப்பு. வார்ஃபரின் பக்கம் ஒருவருக்கும் இல்லை. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

கை விஷயம் தனி. மணிக்கட்டும் விரல்களும் லேசாக நிமிர ஆரம்பித்ததும் பிசியோதெரபிஸ்ட் நல்ல கைக்கு ஒரு தடிமனான உறையை மாட்டிவிட்டார். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பாலும் கழற்றக் கூடாது, எல்லாவற்றையும் வலது கையாலேயே செய்ய வேண்டும். 2006-ல் எக்ஸைட் என்ற ஆய்வில் 222 பேரை வைத்து இரண்டு வாரம் இப்படிச் செய்யவைத்துப் பார்த்திருக்கிறார்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்குக் கை நன்றாகவே தேறியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். மேசையில் கிடக்கும் நாணயத்தை விளிம்புவரை இழுத்து வந்து, கட்டைவிரல் அதைப் பிடிப்பதற்குள் கீழே விழுந்து உருண்டு போகும்போது, அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றிருக்கும். இப்போது சட்டைப் பொத்தான் போட வருகிறது, எழுத்து இன்னும் கோணல்தான்.

குழந்தை? எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். 1997-ல் பிரிட்டனில் இந்த ஆன்டிபாடி உள்ள, அடிக்கடி கரு கலைந்த 90 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை உயிரோடு பிறந்திருக்கிறது. அந்த எண்ணை அப்படியே எனக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள் என்று டாக்டர் கறாராகச் சொன்னார். ஸ்ட்ரோக் வந்தவளுக்கு ஹெபாரின் அளவே அதிகம், கண்காணிப்பும் அதிகம். வார்ஃபரின் கருவுக்கு ஆகாது, குறிப்பாக 6 முதல் 12 வாரம் வரை. ஹெபாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. அதனால் நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே டெஸ்ட் செய்து, பாசிட்டிவ் என்றால் உடனே போன் செய்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதி, நரம்பியல், மகப்பேறு இரண்டு டாக்டர்களும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. அவர்கள் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடத்தான் வேண்டும். அதற்கும் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எனக்கு ஆகாது, ரத்தம் உறையும் வாய்ப்பை அது கூட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்கும் தோழிகளுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.