மேட்டூரிலிருந்து ஒகேனக்கல்லுக்கு, பண்ணவாடி வழியாக

சேலத்துக்காரர்களுக்கு மேட்டூர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒகேனக்கல் வேறொரு ஞாயிற்றுக்கிழமை. மேட்டூர் என்றால் பூங்கா, முனியப்பன் கோயில் கிடாவெட்டு. ஒகேனக்கல் என்றால் எண்ணெய்க் குளியல், அருவி, பரிசல். இரண்டும் ஒரே காவிரி என்று தெரிந்தும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. யோசனை கொளத்தூர் நண்பனுடையது. "மேச்சேரி வழியா சுத்த வேண்டாம்டா. பண்ணவாடியில வண்டிய படகுல ஏத்திருவோம்" என்றான். சித்திரை வெயிலுக்குப் பயந்து விடியும் முன்னே ஐந்து பேர் மூன்று பைக்கில் கிளம்பினோம்.

அணையில் அதிகம் நிற்கவில்லை. 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த கட்டுமானம், முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. தினமும் பேப்பரில் நீர்மட்டம் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். நாங்கள் போனபோது மட்டம் பாதிக்கும் கீழே. பதினாறு கண் மதகுக்கு முன்னால் வெறும் பாறைதான் தெரிந்தது. டீ குடித்துவிட்டுக் கொளத்தூர் பாதையைப் பிடித்தோம்.

பண்ணவாடியில் அணையின் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வயல் இருந்தது. தண்ணீர் வடிய வடிய, கரையோர மக்கள் வண்டல் மண்ணில் சோளமும் எள்ளும் விதைத்துக்கொண்டே இறங்கியிருந்தார்கள். அணை நிரம்பினால் அத்தனையும் உள்ளே போய்விடும், அதற்குள் அறுத்துவிட வேண்டும். பயிருக்கு நடுவே மண்பாதையில் பைக்கை விட்டால், திடீரென்று நந்தி.

அணை கட்டியபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி. மட்டம் 70 அடி சுமாருக்கு இறங்கினால் வெளியே வரும் என்று செய்தியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது வேறு. கழுத்து மடிப்பிலும் காது ஓரத்திலும் காய்ந்த சேறு, முதுகில் தண்ணீர் நின்ற அளவுகள் வரிவரியாக. யாரோ காலையிலேயே வந்து நெற்றியில் விபூதி பூசி, ஒரு முழம் அரளிப்பூ சாத்தியிருந்தார்கள். சுற்றிலும் மண்ணில் செங்கல் துண்டும் பானை ஓடும். ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்பக்கம் சட்டியின் கரி இன்னும் கருப்பாக இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கொளத்தூர் நண்பனின் கொள்ளுத்தாத்தா குடும்பம் இப்படி மூழ்கிய ஊர் ஒன்றிலிருந்து மேட்டுக்கு ஏறியது. "எங்க அப்பத்தா கரையில நின்னு கையக் காட்டும். அங்கதான் நம்ம கட்டுத்தரை, அங்கதான் கெணறுன்னு" என்றான். தஞ்சாவூரில் குறுவை விளைவதற்கு இங்கே ஊரைக் கொடுத்தவர்கள் இவர்கள். ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பு என்று டிவியில் பூத்தூவும்போது, அந்தக் குடும்பங்களைப் பற்றியும் இரண்டு வரி சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்ல வேண்டும்.

படகில் ஆட்களோடு பைக், பால் கேன், ஒரு ஆட்டுக்குட்டி என்று எல்லாம் ஏறின. அக்கரை நாகமறை, தருமபுரி மாவட்டம். இங்கே அக்கரைக்குப் பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள். சீர்வரிசையும் படகில்தான் போகும் என்றார் பக்கத்தில் இருந்த அம்மா.

ஏரியூர், பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கி ஒகேனக்கல் சேர்ந்தபோது பசி. கட்லா மீனும் ஜிலேபி மீனும் வாங்கிச் சமைத்துத் தரும் அக்கா ஒருவரிடம் கொடுத்தோம். மூன்று கல் அடுப்பு, விறகு. புளியைக் கரைத்துக்கொண்டே, "குழம்புக்குக் கட்லா, வறுவலுக்கு ஜிலேபி. போய்க் குளிச்சிட்டு வாங்க சாமி, ஆறட்டும். மீன் குழம்பு சுடச்சுட ருசிக்காது" என்றார். எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணன் முதுகில் தட்டிய தட்டில் பைக் வலி மொத்தமும் போனது. அப்புறம் இலையில் சோறு போட்டு அந்தக் குழம்பை ஊற்றினார்கள். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பரிசலுக்கு இடம் இருக்காது.

பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறையில் முன்னே நடந்தார், நாங்கள் லைஃப் ஜாக்கெட்டோடு பின்னே. இறங்கியதும் இரண்டு பக்கமும் பாறைச் சுவர். கோடையில் ஒகேனக்கல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாறை இருக்கிறது. வெள்ளக் காலத்தில் மூழ்கிக் கிடப்பதெல்லாம் கோடையில்தான் வெளியே தெரியும். தண்ணீர் குடைந்த குழிகள், வழித்தெடுத்த வளைவுகள், நம் தலைக்கு வெகு மேலே போன வெள்ளம் விட்டுப்போன கோடு. இந்தப் பகுதியில் இருக்கும் கார்பனடைட் பாறைகளுக்கு (பூமிக்கடியிலிருந்து உருகி வந்து உறைந்த ஒரு வகைச் சுண்ணாம்புப் பாறை) வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். அந்தக்கரை கர்நாடகம், சாமராஜநகர் மாவட்டம். பரிசல்காரர் எங்களிடம் தமிழிலும், எதிரே வந்த டீக்கடைப் பரிசலிடம் கன்னடத்திலும் பேசினார். அருவியின் சாரல் முகத்தில் படும் தூரத்தில் துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுப் பரிசலைச் சுற்றிவிட்டார். பாறையும் வானமும் சுழன்றன.

எங்களில் பாலக்கோட்டுக்காரன் ஒருவன் உண்டு. அவன் பற்களில் பழுப்புக் கறை, சிறுவயதில் குடித்த போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடு. பரிசலில் கையை நனைத்தபடி, "இந்தத் தண்ணி எங்க வீட்டுக்கு வந்தப்பறம் பொறந்தவ என் தங்கச்சி மக. அவ பல்லப் பாரு, பச்சரிசி மாதிரி இருக்கும்" என்றான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது, ஜப்பான் கடனுதவியோடு. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களிடம் ஒகேனக்கல் என்று சொன்னால் அருவிக்கு முன் குழாய் நினைவுக்கு வருவது நியாயம்தான்.

இப்படிப் போக நினைப்பவர்கள் காலையிலேயே பண்ணவாடிக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் அந்த ஏரி மண்ணில் நிற்க முடியாது. கிளம்பும் முன், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவின் நீர்வரத்தைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். குடும்பத்தோடு காரில் வருபவர்களுக்குப் படகு சரிப்படாது, மேச்சேரி வழிதான். நந்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.