பைக் ஓட்டத் தெரிந்த தம்பிகளுக்கு

எங்கள் பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் "குவாட் பைக் ஓட்டியிருக்கியா?" என்று கேட்டால், தமிழ்ப் பையனானாலும் பஞ்சாபிப் பையனானாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். "இல்லக்கா, ஆனா பைக் நல்லா ஓட்டுவேன்." அந்த 'ஆனா'வைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். வண்டியே ஓட்டத் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பது சுலபம். பைக் நன்றாக ஓட்டுகிறவனிடம்தான் அதிக நாள் போராட வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்து பகுதியில். லியோங்காதா, கோரம்பரா பக்கம் வந்தவர்களுக்கு இந்த நிலம் தெரியும். ஸ்ட்ரெலெக்கி மலைத்தொடரின் அடிவாரம். பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும், ஆனால் சமதளம் என்று சொல்ல ஒரு முழு வயல்கூடச் சிக்காது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, இங்கே மருத்துவராகப் பதிவு செய்யத் தேவையான தேர்வுக்குத் தயாராகிக்கொண்டே பால் பண்ணையில் வேலை பார்க்கிறேன். பால் கறப்பது, கன்றுகளைப் பார்த்துக்கொள்வது, மாடுகளை மேய்ச்சல் மாற்றுவது. புதிதாக வருகிறவர்களுக்குக் குவாட் பழக்குவதும் இப்போது என் தலையில். அதற்கென்று வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவார், அவர் போன பிறகு தினமும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது நான்.

குவாட் என்பது நான்கு சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில்பார், குதிரை மேல் உட்காருவதுபோல் கால்களை இருபுறமும் போட்டு உட்காரும் சீட். பண்ணை வேலைக்கான வண்டி ஒன்று 250 முதல் 350 கிலோ வரை எடை இருக்கும். நான்கு சக்கரம் இருப்பதால் விழாது என்று மனசு நம்பிவிடுகிறது. உண்மையில் அதன் அகலம் குறைவு, உயரம் அதிகம். சரிவில் ஒரு பக்கச் சக்கரம் மாட்டுக் குளம்பு பதிந்த குழியில் இறங்கினால் போதும். பைக் விழுந்தால் அது ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். குவாட் கவிழ்ந்தால் நாம் அதற்கு அடியில். எலும்பு ஒன்றுகூட உடையாமல், நெஞ்சின் மேல் வண்டி ஏறிக் கிடப்பதால் மூச்சு விட முடியாமலே இங்கே விவசாயிகள் இறந்திருக்கிறார்கள். வேகமாகப் போனவர்கள் மட்டும் அல்ல, நடக்கிற வேகத்தில் போனவர்களும்தான்.

பைக் பழக்கங்களில் மிகவும் ஆபத்தானது காலை ஊன்றுவது. வண்டி லேசாகச் சாய்ந்தாலே நம் கால் தானாகத் தரைக்குப் போகும். பதினைந்து பதினாறு வயதிலிருந்து ஊறிய பழக்கம், மூளையைக் கேட்டுவிட்டா நடக்கிறது? குவாட்டில் அப்படிக் கால் வைத்தால் பின் சக்கரம் கெண்டைக்கால் மேல் ஏறி ஆளையே அடியில் இழுத்துவிடும். வண்டி ஓடும்போது இரண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்டில்தான் இருக்க வேண்டும், சாகும் பயம் வந்தாலும்.

இரண்டாவது, வளைவில் திரும்புவது. பைக் வளைவில் தானே சாயும், நாமும் கூடவே சாய்வோம். குவாட் சாயாது. நாம்தான் சீட்டில் நகர்ந்து உள்பக்கம் எடையைக் கொண்டுபோக வேண்டும். எங்கள் பயிற்சியாளர் இதைப் புரியவைக்க ஒரு வேலை செய்வார். இன்ஜினை அணைத்துவிட்டு, மாட்டுக் கொட்டகைக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் தரையில் வண்டியைக் கையால் தள்ளித் திருப்பச் சொல்வார். நேராகப் போகும்போது சுலபமாக உருளும் வண்டி, ஹேண்டிலைத் திருப்பியதும் முரண்டு பிடிக்கும். டயர் தரையைத் தேய்க்கும் சத்தம் கேட்கும். எங்களிடம் இருப்பது பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டிய வகை. காரில் வளைவின் வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்றும், இதில் இரண்டும் ஒரே வேகம். ஆகவே திரும்பாமல் நேராகவே போகப் பார்க்கும். உடம்பை முன்னாலும் உள்பக்கமும் கொண்டுபோய், வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை அழுத்தினால்தான் உள்சக்கரம் இலேசாகி வண்டி சொன்னபடி கேட்கும். தள்ளிப் பார்த்தவனுக்கு இது ஒரே நாளில் புரிந்துவிடுகிறது. வாயால் சொல்லி நான் யாருக்கும் புரியவைத்ததில்லை.

பிறகு ஆக்சிலரேட்டர். இதில் முறுக்குவது கிடையாது, வலது கட்டைவிரலால் அழுத்துவது. ஹேண்டிலை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது புதியவர்கள் பயத்தில் கையை இறுக்கிப் பிடிப்பார்கள், கட்டைவிரலும் சேர்ந்து அழுத்திவிடும். பல மாடல்களில் ஆக்சிலரேட்டர் எவ்வளவு தூரம் போகலாம் என்று கட்டுப்படுத்த ஒரு சின்னத் திருகு இருக்கிறது. புதுப் பையனுக்கு வண்டி கொடுக்கும்போது அதைத் திருகி வைத்துவிடுவேன். "என்னக்கா, மாட்டு வண்டி மாதிரி போகுது" என்பான். போகட்டும்.

நாலாவது, பின்னால் ஆள் ஏற்றுவது. நம்மூரில் டிரிபிள்ஸ் போய்ப் பழகிய கூட்டம் நாம். குவாட்டின் சீட் நீளமாக இருப்பது இன்னொருவர் உட்கார அல்ல, ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர. பின்னால் ஒருவன் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுகிறவனால் நகரவே முடியாது, எடையும் பின்னால் ஏறிவிடும். ஒருவருக்கான வண்டி என்றால் ஒருவர்தான். கறவை முடிந்து அலுப்பாக இருக்கிறது, வீடுவரைக்கும் கொண்டுபோய் விடு என்று கேட்டாலும் முடியாது. நட.

மேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் நிலம் அப்படி. ஏறும்போது உடம்பு முன்னால், தேவைப்பட்டால் சீட்டிலிருந்து எழுந்து. இறங்கும்போது பின்னால், லோ கியரில், இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி. நியூட்ரலில் போட்டு இறக்குவது நம்மூர்ப் பெட்ரோல் சிக்கனப் புத்தி, இங்கே கூடவே கூடாது. குறுக்காகச் சரிவில் போக வேண்டி வந்தால் எடை முழுவதும் மேட்டுப் பக்கம். முடிந்தவரை குறுக்கே போகாமல் இருப்பதே நல்லது.

பாதி மேட்டில் வண்டி திணறி நின்றுவிட்டால்? இங்கேதான் ஆட்கள் சிக்குகிறார்கள். பின்னால் உருள விட்டுவிட்டுத் திடீரென்று பின் பிரேக்கைப் பிடித்தால் வண்டி மல்லாக்கப் புரண்டு மேலே விழும். நிற்கப்போகிறது என்று தெரிந்த உடனே எடையை முன்னால் கொண்டுபோய் பிரேக்கைப் பிடித்து நிறுத்த வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்கி, விலகி நின்று ரேடியோவில் கூப்பிட வேண்டும். பிரேக் நிற்காமல் வண்டி உருண்டால் உருளட்டும். பிடிக்கப் போகக் கூடாது. எங்கள் முதலாளியம்மா (பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், இங்கே இப்படியே எழுதுகிறேன்) புதியவர்களிடம் இதைத் தன் வாயாலேயே சொல்வார்: வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. முதலாளி வாயிலிருந்து வந்தால்தான் பையன்கள் நம்புகிறார்கள். வண்டியைக் கீறிவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்திலேயே உருளும் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள் உண்டு.

பால் அறைச் சுவரில் பண்ணையின் வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறோம். சிவப்பு அடித்த இடங்களுக்குக் குவாட் போகக் கூடாது: ஓடைப் பள்ளம், அணைக்கரை, சாணிக் குளத்தின் ஓரம், மழைக்காலத்தில் மண் சரியும் இரண்டு வயல்கள். அங்கே மாடு நின்றால் நடந்து போய்த்தான் ஓட்டி வர வேண்டும். புதிதாக எங்காவது சரிந்தால் சிவப்பு கூடும்.

சுமை விஷயத்தில் நான் பார்த்தவரை எல்லோரும் ஏமாறுவது தண்ணீரிடம். இங்கே ராக்வொர்ட் என்று மஞ்சள் பூப் பூக்கும் ஒரு விஷக்களை, மாடு தின்றால் ஈரல் போய்விடும். அதற்கு மருந்தடிக்கக் குவாட்டின் பின்பக்கம் டேங்க் வைப்பார்கள். 70 லிட்டர் என்றால் 70 கிலோ, அதுவும் சீட்டுக்கு மேல் உயரத்தில். முழுதாக நிரம்பிய டேங்கைவிடப் பாதி நிரம்பியது மோசம், சரிவில் திரும்பும்போது தண்ணீர் மொத்தமும் பள்ளத்துப் பக்கம் ஓடிவிடும். இதோடு ஒரு கையில் மருந்தடிக்கும் குழாய், இன்னொரு கையில் ஹேண்டில். இப்படி ஓட்டுவதை அக்கம்பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். எங்கள் பண்ணையில் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்றுதான் அடிக்க வேண்டும். மேட்டு வயல் என்றால் முதுகில் மாட்டும் டேங்க். வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் கன்று போடும் காலம். பிறந்து சில மணி நேரம் ஆன ஈரக் கன்றை மடியில் போட்டு ஓட்டிவருவது பார்க்கப் பாசமாக இருக்கும். அது 35 கிலோ, எப்போது உதைக்கும் என்று அதற்கே தெரியாது. டிரெய்லர் எடுத்துப் போ.

காலையில் கிளம்பும் முன் டயரைப் பார்க்க வேண்டும். பைக் டயருக்கு 25, 30 பிஎஸ்ஐ காற்று அடித்துப் பழகியவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்: குவாட் டயருக்குப் பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ சுற்றித்தான். அவ்வளவு குறைவில் இடதுக்கும் வலதுக்கும் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெட்ரோல் பங்க் அளவி இதைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கான தனி அளவி வேண்டும். பிரேக், ஆக்சிலரேட்டர் விட்டதும் திரும்பி வருகிறதா, சக்கர நட்டுகள், எண்ணெய், விளக்கு. கறவைக்கு மாடு ஓட்டப் போவது விடியும் முன்னால் என்பதால் விளக்கு முக்கியம். மேய்ச்சலைப் பிரிக்கக் கட்டிய மின்வேலிக் கம்பி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. முந்தின நாள் கம்பியை யார் எங்கே கட்டினார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 2019-இல் குவாட் பைக்குகளுக்கென்று கட்டாயப் பாதுகாப்புத் தரம் கொண்டுவந்தார்கள். 2020 அக்டோபர் 11 முதல், புதிய வண்டி எத்தனை டிகிரி சரிவில் கவிழத் தொடங்கும் என்பதை அட்டையில் எழுதி வண்டியிலேயே தொங்கவிட்டு விற்க வேண்டும். 2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கான புதிய குவாட் எதுவானாலும் ஓட்டுநரைக் காக்கும் வளைவு பொருத்தியிருக்க வேண்டும், பக்கவாட்டில் ஏறத்தாழ 29 டிகிரி சாய்வு வரை தாங்க வேண்டும். வளைவு என்றால் சீட்டுக்குப் பின்னால் கொண்டை ஊசியைத் தலைகீழாகக் குத்தி வைத்ததுபோல் ஓர் இரும்புக் குழாய். வண்டி புரண்டாலும் அதற்கும் தரைக்கும் நடுவே ஆள் ஊர்ந்து வெளியே வர இடம் கிடைக்கலாம். குவாட்பார் என்ற பெயரில் உள்நாட்டிலேயே செய்தது உண்டு, வளைந்து கொடுக்கும் லைஃப்கார்டு என்பது இன்னொரு வகை.

ஹோண்டாவும் யமஹாவும் இதை ஏற்காமல் ஆஸ்திரேலியாவில் இந்த வண்டிகளை விற்பதையே நிறுத்திக்கொண்டன. வளைவே ஆளைக் காயப்படுத்தக்கூடும், ஹெல்மெட்டும் பயிற்சியும்தான் வழி என்பது தயாரிப்பாளர்கள் தரப்பு வாதம். பயிற்சியின் பக்கம் நிற்கும் ஆள்தான் நானும். ஆனால் இந்த வாதம் எனக்கு ஏறவில்லை. கன்று போடும் காலத்தில் நாலரை மணிக்கு எழுந்து, மழையில், மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லாமல் வண்டி எடுக்கிறவனுக்குப் பயிற்சியில் படித்தது எவ்வளவு ஞாபகம் இருக்கும்? இரும்புக்குத் தூக்கம் வராது. அந்தச் சட்டம் புதிய வண்டிக்கும் இறக்குமதியாகும் பழைய வண்டிக்கும்தான், ஏற்கெனவே பண்ணைகளில் ஓடும் பழையவற்றை அது தொடவில்லை. எங்களிடம் இருக்கும் பழைய ஹோண்டாவுக்குத் தனியாக வாங்கித்தான் வளைவு மாட்டினோம். விக்டோரியாவில் 2016-இலிருந்தே வேலையிட அதிகாரிகள் இதைக் கேட்டு வருகிறார்கள். நீங்கள் சேரும் பண்ணையில் வளைவு இல்லாத குவாட் நின்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

ஹெல்மெட் பற்றி நீட்டி எழுத எனக்குப் பொறுமை இல்லை. போடுங்கள். பண்ணைக்கென்றே எடை குறைந்த, காது திறந்த ஹெல்மெட் நியூசிலாந்துத் தரத்தில் வருகிறது, 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்ட அது போதும். ஃபோனைச் சட்டைப் பையில் ஜிப் போட்டு வையுங்கள், வண்டிப் பெட்டியில் அல்ல. அடியில் மாட்டிக்கொண்டால் பெட்டிவரை கை எட்டாது. பள்ளங்களில் சிக்னலும் கிடைக்காது. அதனால் எந்த வயலுக்குப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு: பெரியவர்களுக்கான குவாட்டில் 16 வயதுக்குக் கீழே யாரும் ஓட்டக் கூடாது என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை குழந்தையை முன்னால் உட்காரவைத்து ஒரு சுற்று, ஊருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ என்பதெல்லாம் வேண்டாம். சாவியை வண்டியிலேயே விடாதீர்கள்.

கடைசியாக, விசாவில் இருப்பவர்கள் கேட்கத் தயங்கும் விஷயம். விக்டோரியாவின் 2004-ஆம் வருட வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்பாக வேலை செய்யத் தேவையான பயிற்சியையும் மேற்பார்வையையும் கொடுப்பது முதலாளியின் கடமை. எந்த விசாவில் வந்தீர்கள் என்பதை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. போன வருடம் வேறொரு பண்ணையிலிருந்து ஒரு தம்பி ஃபோன் செய்தான். சேர்ந்த அன்றே சாவியைக் கொடுத்து, மேட்டு வயலில் இருக்கும் மாடுகளை ஓட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். "முடியாதுன்னு எப்படிக்கா சொல்றது?" என்றான். ஆங்கிலத்தில் இரண்டே வரி எழுதி அனுப்பினேன்: நான் குவாட் பயிற்சி எடுக்கவில்லை, பயிற்சி கிடைக்கும்வரை நடந்து போய் ஓட்டி வருகிறேன். அவர்கள் முகம் சுளித்தார்களாம், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த வாரமே பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்கள். உங்களுக்கும் அந்த இரண்டு வரி தேவைப்பட்டால் கேளுங்கள், அனுப்புகிறேன்.