பந்தயக் காரின் மெயின் சுவிட்ச்: எஞ்சின் ஓடும்போது அணைத்துப் பார்த்தீர்களா?

நேரான குறுந்தூரப் பாதையில் யார் முந்துவது என்று ஓடும் டிராக் (drag) பந்தயத்துக்கான காரில் மின்சாரத்தைத் துண்டிக்க இரண்டு ஏற்பாடுகள் தனித்தனியே இருக்க வேண்டும். ஒன்று சாரதிக்கு, மற்றையது வெளியே நிற்பவருக்கு. நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் கராஜ்களில் பந்தயத்துக்குத் தயாராகும் கார்களுக்கு வயரிங் செய்து வருபவன் என்ற முறையில் நான் அடிக்கடி காண்பது, இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, ஏதோ ஒரு சுவிட்சைப் பொருத்தியவுடன் வேலை முடிந்துவிட்டதென்று நினைப்பதையே.

மலையகத்தில் டிராக் பந்தயத்துக்கு வேண்டிய கால் மைல், அதாவது 402 மீற்றர், வளைவில்லாமல் ஓடும் வீதியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நமக்கு வாய்த்தது மஹகஸ்தோட்டையிலும் ரதெல்லையிலும் நடக்கும் மலையேற்றப் பந்தயம்தான். ஆயினும் கார் கட்டும் இளைஞர்கள் கைபேசியில் பார்த்துப் பழகுவது அமெரிக்க டிராக் கார்களை. பின்சில்லுகளின் மேல் பாரம் விழட்டும் என்று பெட்டரியை டிக்கிக்கு மாற்றும் வழக்கம் அங்கிருந்து வந்தது. முன்சில்லுகளால் இழுபடும் கார்களில்கூட அதைச் செய்கிறார்கள் என்பது வேறு கதை. அந்த வழக்கத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய விதி மட்டும் வழியிலேயே தங்கிவிட்டது. (பொது வீதியில் இரவில் பந்தயம் ஓடுவோருக்காக நான் இதை எழுதவில்லை, அவர்களுடைய கார்களை நான் தொடுவதுமில்லை.)

1951 இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய ஹொட் ரொட் சங்கம், பெட்டரியை அதன் இடத்திலிருந்து மாற்றினால் வெளிப்புற மெயின் சுவிட்ச் கட்டாயம் என்கிறது. அது காரின் ஆகப் பின்பகுதியில், போடிக்கு வெளியிலிருந்து கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டரியின் பொசிட்டிவ் பக்கத்தைத் துண்டிக்க வேண்டும். இக்னிஷன் (எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் அமைப்பு) உட்பட மின்சாரத்தால் இயங்கும் அனைத்தையும் நிறுத்த வேண்டும். தள்ளி இழுக்கும் வகையாக இருந்தால் தள்ளுவது அணைப்பதாகவும் இழுப்பது போடுவதாகவும் அமைய வேண்டும். பதற்றத்தில் ஓடி வருபவரின் கை இயல்பாகச் செய்யக்கூடியது தள்ளுவதுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறிய விதிக்குள் இருக்கும் அனுபவம் புரியும். சாவி போட்டுத் திருப்பும் வகைக்கும் பிளாஸ்டிக் சுவிட்சுக்கும் இடமில்லை. ‘ஓஃப்’ நிலை எழுத்தில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நமது கார்களில் அதை ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் தமிழிலும் எழுதுவதே சரியென்பது என் எண்ணம். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதியில் வரும் நீல முக்கோணம், வெள்ளை விளிம்பு, நடுவே சிவப்பு மின்னல், அடிப்பக்கம் குறைந்தது 12 சென்ரிமீற்றர் என்ற அடையாளத்தையும் ஒட்டினால், எழுத்தே தேவைப்படாது.

2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் தடுப்புகளைப் பற்றியும் மக்கள் நிற்கும் இடத்தைப் பற்றியும் எல்லோரும் பேசினோம், அது நியாயமே. கூட்டத்துக்கு அருகே நின்றுவிட்ட ஒரு காரை முதலில் நெருங்குபவர் பயிற்சி பெற்ற மார்ஷலாக, அதாவது பந்தயப் பாதையின் பாதுகாப்பு அலுவலராக, இருக்கமாட்டார் என்பதையும் அத்துடன் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். பெட்ரோல் குழாய் உடைந்த காரில், மின்சாரம் இருக்கும்வரை பம்ப் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கலாம். கம்பனி வயரிங்கில் எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். பந்தயத்துக்காகப் பம்பை நேரடியாக ஒரு சுவிட்சில் கொடுத்திருந்தால் நிற்காது.

இனி, அதிகமானோர் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். பெட்டரியின் பொசிட்டிவ் வயரில் சுவிட்சை வைத்து, எஞ்சின் ஓடாத நேரத்தில் அணைத்துப் பார்க்கிறார்கள். விளக்குகள் அணைகின்றன, எல்லோருக்கும் திருப்தி. எஞ்சின் ஓடும்போது அதே சுவிட்சை அணைத்தால் கார் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். காரணம், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஓல்டர்னேட்டரின் வெளியீட்டு வயர் சுவிட்சுக்கு மறுபுறத்தில், காரின் மற்றைய வயரிங்கோடு இணைந்திருப்பதால், பெட்டரி இல்லாமலேயே அது இக்னிஷனுக்கு மின்சாரம் ஊட்டுகிறது. அந்த வயரைச் சுவிட்சின் பெட்டரிப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டால் எஞ்சின் நிற்கும், உண்மைதான். ஆனால் முன்னாலிருந்து டிக்கிவரை நீளும் ஒரு தடித்த வயர், சுவிட்சை அணைத்த பின்பும் பெட்டரியோடு உயிருடன் இருக்கும். கார் மடிந்து நசுங்கும்போது முதலில் வெட்டுப்படக்கூடிய வயரும் அதுவே. பியூஸ் போடாமல் இதைச் செய்பவர்களை நான் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

ஆறு முனைகள் கொண்ட பந்தயச் சுவிட்சையே நான் விரும்புகிறேன். அதன் பெரிய சோடி பெட்டரியைத் துண்டிக்கும். சிறிய சோடிகளில் ஒன்று அதே கணத்தில் இக்னிஷனை நிறுத்தும். மற்றையது, சுழன்றுகொண்டிருக்கும் ஓல்டர்னேட்டரில் எஞ்சிய மின்சாரத்தை 3 ஓம் தடையூடாக எர்த்துக்கு அனுப்பிவிடும். ‘ஓடும்போது அணைத்தால் ஈசியூ போய்விடும் அண்ணே’ என்று, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை நினைத்துத் தம்பிமார் சொல்லும் பயம் அடிப்படையற்றதல்ல, ஏனெனில் பெட்டரி திடீரென விலகினால் வோல்ட்டேஜ் துள்ளும். அதைத் தடுப்பதற்குத்தான் அந்தத் தடை இருக்கிறது. தானாகவே மின்னேற்றத்தைத் தொடங்கும் ஒற்றை வயர் ஓல்டர்னேட்டர் என்றால், வெளியீட்டு வயரிலேயே தொடர்ச்சியாக இயங்கக்கூடிய ஒரு பெரிய ரிலேயை (மின்சாரத்தால் இயக்கப்படும் சுவிட்சை) போட வேண்டியிருக்கும்.

சாரதியின் சுவிட்சைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. பெல்ட்டை இறுகக் கட்டிய பிறகு கை எட்ட வேண்டும். ஒரு தடவை தட்டினால் அந்த நிலையிலேயே நிற்க வேண்டும். அழுத்தும்வரை மட்டும் வேலை செய்யும் பொத்தானை அமெரிக்க விதி அனுமதிப்பதில்லை, விரலை எடுத்தவுடன் தீப்பொறி திரும்பி வந்துவிடும் என்பதால்.

மெக்னீற்றோ வைத்த எஞ்சினுக்குப் பெட்டரி சுவிட்ச் ஒரு பொருட்டேயல்ல. அது தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதால், அதன் முதற்சுருளை எர்த் செய்தால்தான் அணையும். நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளில் ஓடும், டிராக் பந்தயத்தின் அதிவேக வகையான டொப் ஃபியூவல் கார்களில் அதுவும் போதாது: ஓட்டத்தின் பாதியிலேயே பிளக்கின் முனைகள் எரிந்துபோய், எஞ்சின் அழுத்தத்தின் சூட்டிலேயே எரிந்துகொண்டிருக்கும் என்பதால், எரிபொருளை அடைத்துத்தான் நிறுத்துகிறார்கள்.

நுவரெலியாவின் பனியும் மழையும் சேர்ந்து, பின்பம்பருக்கு அருகேயுள்ள முனைகளில் பச்சை பிடிக்க வைத்துவிடும். ஆகவே பொருத்திய அன்று மட்டுமல்ல, பந்தயத்துக்கு முந்தைய மாலையும் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, வயரிங் தெரியாத ஒருவரை அழைத்து, ‘இந்தக் காரை வெளியிலிருந்து அணையுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். அவர் சுவிட்சைத் தேடினால் அடையாளம் போதவில்லை. அணைத்த பின்பும் எஞ்சின் ஓடினால் ஓல்டர்னேட்டர் வயரைப் பாருங்கள்.