பெய்ஸ்லியும் பாபநாசமும்: சட்டப் படிப்பில் என் முதல் வருடம்

கிளாஸ்கோ சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் பெய்ஸ்லி வந்துவிடும். பிரிட்டிஷ் சட்டம் எட்டிய நாடுகளில் சட்டம் படிக்க வருகிறவர்கள் எல்லாரும் முதல் வருடத்திலேயே கேள்விப்படும் ஊர் அது. திருநெல்வேலிப் பக்கம் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த எனக்கு அந்தப் பெயர் முன்பே பழக்கம். பாபநாசத்துத் தண்ணீரின் விசையை நம்பி 1880களில் ஹார்வி சகோதரர்கள் எங்கள் ஊரில் பஞ்சாலை வைத்தார்கள். 1974இல் அது பெய்ஸ்லியில் பிறந்த கோட்ஸ் நூல் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. அப்பா அங்கே ஸ்பின்னிங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எங்கள் பக்கத்து வயசாளிகள் இன்னும் ‘ஹார்வி மில்’ என்றுதான் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் கிளாஸ்கோவில் ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணம் முடிந்து அவரோடு போனேன். ஏற்கெனவே ஒரு டிகிரி வைத்திருப்பவர்கள் இரண்டே வருடத்தில் சட்டப் பட்டம் வாங்கும் படிப்பு ஸ்காட்லாந்தில் உண்டு. பாளையங்கோட்டையில் வாங்கிய டிகிரியை வைத்து 2023 செப்டம்பரில் சேர்ந்தேன். பீஸ் கட்ட என் நகையில் பாதி பாங்குக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

குளிரைப் பற்றி எல்லாரும் முன்பே சொல்லியிருந்தார்கள். இருட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கே சூரியன் இறங்கிவிடும். லைப்ரரிக்குள் போகும்போதும் இருட்டு, வெளியே வரும்போதும் இருட்டு. மழை கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். ஊர்க்காரர்களின் இங்கிலீஷ் காதில் ஏறச் சில வாரம் பிடித்தது. பஸ் டிரைவரும் காய்கறிக்கடை அம்மாவும் பொறுமையாகத் திருப்பிச் சொல்வார்கள். அந்த நகரத்து மனிதர்களின் ஈரம் பெரியது.

படிப்பு வேறு மாதிரி. இங்கிலாந்தோடு 1707இல் சேர்ந்த பிறகும் ஸ்காட்லாந்து தன் சட்டத்தையும் கோர்ட்டுகளையும் தனியாகவே வைத்துக்கொண்டது. வழக்குப் போடுகிறவருக்கும் எதிர்த்து நிற்கிறவருக்கும்கூடப் பெயர் வேறு. கிரிமினல் வழக்கில் ஜூரியில் 15 பேர். அப்போது எட்டுப் பேர் குற்றவாளி என்றாலே போதுமாக இருந்தது. குற்றவாளி, குற்றமற்றவர் என்ற இரண்டுக்கு நடுவில் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று மூன்றாவது தீர்ப்பும் நான் சேர்ந்தபோது இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்ற மசோதா அப்போதே பார்லிமெண்டில் இருந்ததால் வகுப்பில் அனல் பறக்கும். போனில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். “மூணாவது தீர்ப்பு வாங்கினவன் ஊருக்குள்ள எப்பிடிட்டி தலை நிமிந்து நடப்பான்?” என்றார். வகுப்பில் பெரிய வாதமாக வந்ததும் அதே கேள்விதான்.

வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கம் தீர்ப்பு வாசிக்க வேண்டும். நடந்தது என்ன, கோர்ட் முன் நின்ற கேள்வி என்ன, நீதிபதி எந்தக் காரணத்தில் முடிவுக்கு வந்தார் என்று பிரித்தெடுக்க வேண்டும். சின்னக் குழுவாக உட்காரும் வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லி எழுப்புவார். “பாவம் அந்தம்மா” என்று யாராவது தொடங்கினால், “சரி, அவருக்கு யார் கடமைப்பட்டவர்? ஏன்?” என்று மறித்துவிடுவார். இரக்கம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இரக்கப்பட்டதைக் கோர்ட்டில் நிற்கிற மாதிரிச் சொல்லப் பழக்கினார். முதல் வருடத்தில் நான் கற்றதிலேயே பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்.

பெய்ஸ்லிக்கு வருகிறேன். 1928 ஆகஸ்ட் 26 அன்று மே டோனகியூ என்ற கடைப் பணிப்பெண் அங்கே ஒரு கபேக்குப் போனார். தோழி அவருக்கு ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் வாங்கிக் கொடுத்தார். உள்ளே இருப்பது தெரியாத கறுத்த பாட்டில். பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்பது அவர் வழக்கு. வயிற்றுக் கோளாறில் சிகிச்சை எடுக்க வேண்டிவந்தது. காசு கொடுத்தது தோழி என்பதால் கடைக்காரரோடு அவருக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. அதனால் தயாரித்த ஸ்டீவன்சன் மேலேயே வழக்குப் போட்டார். முகம் தெரியாத ஒருத்திக்கு, பாட்டிலை அடைத்து அனுப்பியவர் பதில் சொல்ல வேண்டுமா? 1932இல், அன்று பிரிட்டனின் கடைசி அப்பீல் கோர்ட்டாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று ‘சொல்ல வேண்டும்’ என்றது. நம் செய்கையால் யார் பாதிக்கப்படுவார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டுமோ, அவர்தான் சட்டத்தின் கண்ணில் நம் அண்டை வீட்டுக்காரர் என்றார் லார்ட் அட்கின். நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. விசாரணைக்கு வருமுன் ஸ்டீவன்சன் இறந்துபோக, 200 பவுண்டில் சமாதானமாக முடிந்தது.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது நத்தையை அவர் பொருட்படுத்தவே இல்லை. “அந்த அம்மாவுக்கு வக்கீல் பீஸு யாரு குடுத்தா?” என்று கேட்டார். வகுப்பில் இதை யாரும் கேட்கவில்லை. தேடி வாசித்தேன். தன் உடைமை எல்லாம் சேர்த்தாலும் ஐந்து பவுண்டு தேறாது என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காளியாகத் தன்னை ஏற்கச் சொல்லி அவர் பிரபுக்கள் சபையிடம் மனுக் கொடுத்தார். அது ஏற்கப்பட்டதால்தான் செலவுக்கு ஈடு கட்டாமல் அப்பீல் நடத்த முடிந்தது. வக்கீல் லீச்மன், பாட்டிலில் எலி கிடந்த வழக்கொன்றில் அதற்குச் சற்று முன்புதான் தோற்றவர். தோற்ற பிறகும் இதைக் கையில் எடுத்தார். அந்த இரண்டும் இல்லையென்றால் லார்ட் அட்கினின் அருமையான வாக்கியம் எழுதப்பட்டே இருக்காது. தீர்ப்பை மட்டும் வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பாதி தெரிவதில்லை. அன்றிலிருந்து எந்த வழக்கை வாசித்தாலும் பணம் யாருடையது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

எங்கள் சீமையிலும் அப்படி ஒரு வக்கீல் இருந்தார். வ.உ.சி. கப்பல் விட்டதை எல்லாரும் சொல்வார்கள். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்துக்கு முன்னின்று, கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் வாங்கிக் கொடுத்ததைக் குறைவாகத்தான் சொல்கிறோம். அதுவும் ஹார்வி ஆலைதான். அந்த வருடமே ராஜத்துரோக வழக்கில் திருநெல்வேலியில் தண்டிக்கப்பட்டு, வக்கீல் சன்னதையும் இழந்தார். பின்னாளில் அதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கிளாஸ்கோவில் என்னோடு படித்தவர்களிடம் இதைச் சொன்னேன். பெய்ஸ்லியின் ஆலைக் கட்டடங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண், தூத்துக்குடி எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடிப் பார்த்தாள்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு ஊருக்குப் போன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் பார்த்துக் கையும் காலும் ஓடவில்லை. தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடும் நனைந்து கிடந்த நிலையில் அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். அண்டை வீட்டுக்காரர் யார் என்று லண்டனில் ஐந்து பிரபுக்கள் விவாதித்த கேள்விக்கு, கேள்வியே கேட்காமல் அவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லாரும் நன்றாக இருந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் அத்தையின் தையல் கடைக்குள் மட்டும் இடுப்பளவு தண்ணீர்.

அதற்கப்புறம் தண்ணீரைப் பற்றிய வழக்குகள் பாடத்தில் வந்தபோது என்னால் அவற்றை வெறும் பாடமாக வாசிக்க முடியவில்லை. லங்காஷயரில் ஒரு மில் முதலாளி கட்டிய நீர்த்தேக்கம் பக்கத்துச் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. கவனக்குறைவு இருந்ததோ இல்லையோ, ஆபத்தானதைக் கொண்டுவந்து தேக்கியவரே பொறுப்பு என்று 1868இல் முடிவானது. அந்த விதி ஸ்காட்லாந்தில் செல்லாது, அங்கே தவறு இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 1985இல் தீர்த்துச் சொன்னார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நம் பக்கத்து வழக்கு ஒன்று உண்டு. கார்வேட்டிநகரம் ஜமீனில் குளங்கள் பெருக்கெடுத்து ரயில் பாதையைச் சேதப்படுத்த, மதராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1874இல் ரயில்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்த நாட்டில் குளம் ஒருவர் தன் லாபத்துக்குத் தேக்கிய தண்ணீர் அல்ல, அதை நம்பி ஜனங்கள் பிழைக்கிறார்கள், அதைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அதனால் கவனக்குறைவு இல்லாதவரை அவர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்பது காரணம்.

இரவு வெகுநேரம் அந்தத் தீர்ப்போடு இருந்தேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை ஒவ்வொன்றிலும் கால்வாய் பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகும். அந்த அமைப்பை லண்டனில் இருந்தவர்கள் ஓரளவுக்காவது புரிந்துகொண்டார்கள் என்பதில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பின் மறுபக்கத்தை நாம் விட்டுவிட்டோம். குளம் எல்லாருக்கும் பொதுவான தேவை என்றால், கரையைப் பலப்படுத்துவதும், தூர் எடுப்பதும், மறுகால் ஓடையை மறிக்காமல் வைப்பதும் கடமை. கடமை தவறினால் இயற்கையின் மேல் பழியைப் போட்டுக் கைகழுவ முடியாது. தேர்வில் இதையே விரிவாக எழுதினேன். ஆசிரியர் ஓரத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தார்: “கடமை யாருக்கு என்று இன்னும் கூர்மையாகச் சொல்ல முடியுமா?” அதற்குப் பதில் தேடித்தான் இந்த ஜூலையில் ஊருக்கு வந்ததிலிருந்து குளக்கரைகளில் விவசாயிகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் எல்லாரும் கேட்பது, “அங்க படிச்சிட்டு இங்க கோட்டு மாட்டி நிக்க முடியுமா?” என்றுதான். இந்திய பார் கவுன்சில் ஏற்கும் பட்டமாக இருந்து, அவர்கள் வைக்கும் தேர்விலும் தேறினால்தான் முடியும். ஸ்காட்லாந்தில் வக்கீலாக வேண்டுமானாலும் பட்டத்துக்குப் பிறகு ஒரு டிப்ளமா, இரண்டு வருடப் பயிற்சி என்று பாதை நீளம். எந்தக் கோர்ட்டில் நிற்பேன் என்பது இன்னும் முடிவாகவில்லை.

அத்தையின் விஷயம் அதுவரை காத்திருக்காது. கடன் வாங்கியபோது கடைக்குச் சேர்த்துப் பிடித்த இன்சூரன்ஸ் இருந்தது. தகவல் தாமதமாக வந்தது என்று கம்பெனி கிளெய்மை நிராகரித்துவிட்டது. டவரெல்லாம் சாய்ந்து கிடந்த நாட்களில் எப்படித் தகவல் சொல்வது? “வக்கீலுக்குக் குடுக்க காசு இருந்தா மிஷினை வாங்கியிருக்க மாட்டேனா” என்றார் அத்தை. 1987ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கேட்கலாம். வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர் என்பதற்குத் தனியாகவும் அதில் இடம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம், ஐந்து லட்சம்வரை கட்டணமும் கிடையாது. அத்தை நம்பவில்லை. “நெசமாவா? நம்மகிட்ட யாரும் சொல்லலியே” என்று இரண்டு தடவை கேட்டார்.

கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குத் திங்கட்கிழமை போகிறோம். பாலிசி நகல், நிராகரித்த கடிதம், தண்ணீர் வடிந்ததும் போனில் எடுத்த போட்டோக்கள் எல்லாம் சேர்த்துவிட்டோம். மிஷின் வாங்கிய பில் தண்ணீரோடு போய்விட்டது. விற்ற கடைக்காரர் நகல் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதே தெருவில் இன்னும் நாலைந்து கடைக்காரர்களுக்கும் அதே மாதிரிக் கடிதம் வந்திருக்கிறதாம். அவர்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.