வானியல் ஒலிம்பியாட் எழுதப்போகிறவர்களுக்கு: முதலில் உங்கள் அகலாங்கு

பெறுபேறு வந்துவிட்டது, அடுத்த சுற்றுக்கு என் பெயரும் இருக்கிறது. இப்போதுதான் ஒழுங்காக நித்திரை வருகிறது. வினாத்தாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குப் புள்ளி வாங்கித் தந்தது, எந்தக் கேள்வியையும் யாழ்ப்பாணத்து முற்றத்தில் நின்று யோசித்ததுதான். எங்கள் அகலாங்கு (பூமத்தியரேகையிலிருந்து எத்தனை பாகை தள்ளி இருக்கிறோம் என்பது) ஏறத்தாழ 9 பாகை 40 கலை வடக்கு. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். பருத்தித்துறைக் கடற்கரையில் வடக்கே கையை நீட்டி, பொத்திய கையை அடிவானத்தில் வைத்துப் பாருங்கள். அதன் மேல்விளிம்பு மட்டத்தில், பெரிய பிரகாசம் ஒன்றுமில்லாமல் இருக்கும். ஒருமுறை கண்டுவிட்டால் துருவ நட்சத்திரத்தின் உயரம்தான் அகலாங்கு என்ற சூத்திரத்தைப் பாடமாக்கத் தேவையில்லை.

அடுத்தது சூரியன். ஒவ்வொரு ஏப்ரலிலும் 5 முதல் 15 வரை எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு உச்சம் கொடுக்கும், அதாவது நேர் தலைக்கு மேலே நிற்கும் என்று செய்தியில் சொல்வார்கள். எங்களுக்கு அது புத்தாண்டை ஒட்டி, 12.10 அளவில். ஏன் சரியாக 12 இல்லை? இலங்கை நேரம் 82.5 பாகை கிழக்குக்கு உரியது. நாங்கள் இருப்பது 80இல். பாகைக்கு 4 நிமிடம், ஆக 10 நிமிடப் பிந்தல். ஏப்ரல் நடுவில் வேறு திருத்தம் அநேகமாக இல்லை. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 16 நிமிடம் முந்துவதால், அது தலைக்கு நேரே வராவிட்டாலும், அன்றைய மிகக் கூடிய உயரத்தை 11.54க்கே எட்டிவிடும். இந்தக் கணக்கைக் கை பழகும்வரை செய்யுங்கள்.

ஒரு வகுப்பில் தந்த குறிப்பில் வளர்பிறை எல்லாம் வலப்பக்கம் ஒளிர்ந்தபடி நிமிர்ந்து நின்றது. அது ஐரோப்பிய வானம். எங்கள் மாலைப்பிறை தோணி மாதிரிக் கிடக்கும், ஒளிர்ந்த பக்கம் சூரியன் இறங்கிய திசையில், கீழ்நோக்கி. படத்தை நம்பாதீர்கள், சூரியன் எங்கே என்று மட்டும் கேளுங்கள்.

பருவகாலத்துக்குக் காரணம் பூமியின் அச்சின் 23.4 பாகைச் சாய்வு, சூரியனிலிருந்து உள்ள தூரம் இல்லை. ஜனவரித் தொடக்கத்தில்தான் சூரியனுக்கு மிகக் கிட்ட, சுமார் 14.7 கோடி கிலோமீற்றரில் இருக்கிறோம், ஜூலையில் 15.2 கோடி. 2010 ஜனவரி 15இல் இங்கே தெரிந்த கங்கண கிரகணம் (சந்திரனைச் சுற்றிச் சூரியன் வளையமாகத் தெரிவது) அவ்வளவு நேரம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்: சூரியன் பெரிதாகத் தெரிந்த காலம், சந்திரனோ தூரத்தில்.

மனதில் நிற்க வேண்டியவை:
- நட்சத்திரங்கள் நாளுக்கு 4 நிமிடம் முந்தி உதிக்கும், மாதத்துக்கு 2 மணி.
- சந்திரன் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கும்.
- சந்திரன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27.3 நாள், ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்கு 29.5 நாள்.
- பூமியின் பாதைக்குச் சந்திரப் பாதையின் சாய்வு 5 பாகை. மாதாமாதம் கிரகணம் வராதது இதனால்.

நட்சத்திரப் பெயர்களுக்குப் பஞ்சாங்கம் போதும். கார்த்திகைப் பூரணை கார்த்திகைக் கூட்டத்துக்குப் பக்கத்தில், மார்கழிப் பூரணை திருவாதிரையை ஒட்டி. சூரியன் அதற்கு நேரெதிரே. வான்படக் கேள்வியில் எனக்கு இதுவே கைகொடுத்தது.

கூட்டுப் படிப்பு எனக்குச் சரிவரவில்லை, பேச்சுத்தான் நடந்தது. தொலைநோக்கிக்கும் காசு தேடாதீர்கள். மே நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால் தென்சிலுவை 20 பாகை உயரத்தில் நிற்கும். 90இலிருந்து எங்கள் அகலாங்கையும், தென்சிலுவை வான நடுவரையிலிருந்து தெற்கே தள்ளியிருக்கும் 60 பாகையையும் கழித்துப் பாருங்கள், அதே விடைதான் வரும்.